மாதிரிப் பக்கத்தில் போட்ட எண்

என் பெயரும் தகப்பனார் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடி தனியே குறித்துக்கொள்ளப்பட்டன. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் என் வீட்டிலேயே ஆளைக் காட்ட மாட்டார்கள்; அளப்பு மாமா என்று கேட்டால் தெருவில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து வழி காட்டும். வயது ஐம்பத்தேழு. குடியிருப்பது சலவைக் கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறையில். தொழில், வியாபாரம் செய்கிறவர்களுக்கு இணையதளம் கட்டிக் கொடுப்பதும், கட்டியதைப் பராமரிப்பதும். யாருடைய மிரட்டலும் தூண்டுதலும் இல்லாமல், தெளிந்த புத்தியோடு, இந்தக் காவல் நிலையத்தின் எழுத்தர் அம்மா முன்னிலையில் கீழ்க்கண்டவாறு சொல்கிறேன். சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான். லிப்ட் மெக்கானிக்கான என் அக்கா மகன் நேற்றிலிருந்து இந்தக் கட்டடத்தின் பின்னறையில் அடைபட்டிருக்கிறான். அவன் வெளியே வர வேண்டும்.

நடந்ததை நடந்தபடி சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்று எழுத்தர் அம்மா தொடக்கத்திலேயே எச்சரித்தார். மலையைத் தூக்கி மேற்கிலிருந்து கிழக்கே வைக்கச் சொல்லியிருந்தால் மூச்சு வாங்காமல் வைத்திருப்பேன். இருந்தாலும் முயல்கிறேன்.

என் தொழிலைப் பற்றிக் கேட்டதற்குச் சொல்வதாவது: இணையதளம் என்பது கடை. அதற்கு முகவரி வாங்க வேண்டும், வாங்கியதை வருஷம் தவறாமல் புதுப்பிக்க வேண்டும், தவறினால் வேறு எவனாவது அந்தப் பெயரில் பாயை விரித்துப் படுத்துக்கொள்வான். படங்களை இளைக்க வைக்க வேண்டும். கொழுத்த படம் ஏறிய பக்கம் திறப்பதற்குள் வாடிக்கையாளருக்குப் பேரன் பிறந்துவிடும். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைக்க வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எங்கே நின்று படித்தார்கள், எந்த வரியில் முகத்தைச் சுளித்துத் திரும்பினார்கள் என்று கணக்கெடுக்கும் கருவியைப் பொருத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தேடுகிறவன் கண்ணில் முதலாவதாகப் பட வேண்டும். இரண்டாம் பக்கத்தில் இருக்கிற கடை சுடுகாட்டுக்குள் இருக்கிற கடை. இத்தனையும் எனக்குக் கைவந்த கலை. நான் கைவைத்தால், ஊசி தேடி வந்தவன்கூட என் வாடிக்கையாளரின் இரும்புக் கடையில் விழுந்து கடப்பாரையோடுதான் திரும்புவான். இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று எழுத்தர் அம்மா கேட்டார். எழுதத்தான் வேண்டும் என்றேன், ஏனென்றால் வினை அந்தத் திறமையில்தான் இருக்கிறது.

எங்கள் தொழிலில் எந்தத் தளத்தையும் எடுத்த எடுப்பில் ஊருக்குத் திறந்துவிட மாட்டோம். வேறொரு முகவரியில் மாதிரிப் பக்கம் ஒன்றைக் கட்டி, கடைக்காரரிடம் காட்டி, அவர் சொல்லும் திருத்தங்களைச் செய்து, அதன் பிறகுதான் உண்மையான முகவரிக்குக் கொண்டுபோவோம். மாதிரிப் பக்கத்தில் இருப்பதெல்லாம் இட்டு நிரப்பிய சரக்கு. போன் எண் இன்னும் கிடைக்கவில்லை என்றால் வாய்க்கு வந்த எண்ணைப் போட்டு வைப்போம். அந்த இடத்துக்கு ஓர் எண் இருந்தால்தான் பக்கம் பல் விழாத வாயாகத் தெரியும்.

என் மருமகன், அதாவது மேற்படி அக்கா மகன், பெரிய லிப்ட் கம்பெனியில் வேலை பார்த்துத் தொழில் பழகி, உரிமம் வாங்கி, பின்னால் சொல்லப்போகிற மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் குடியிருந்த அடுக்குமாடிக்கு அடுத்த தெருவிலேயே சின்னதாக ஒரு பட்டறை போட்டான். வாயில்லாப் பிள்ளை. எனக்குப் பேச்சைப் படி படியாக அளந்து கொட்டிய ஆண்டவன் அவன் முறை வந்தபோது காலிச் சாக்கை உதறியிருக்கிறான். தொழில் தொடங்கிய உடனே அக்கா என்னிடம் வந்து, பையனுக்கு ஒரு சைட்டு போட்டுக் கொடு, ஆனால் உன் வாயை அதில் வைக்காதே என்று கேட்டுக்கொண்டார்.

நான் வைத்தேன். பக்கத்தின் உச்சியில், லிப்ட் நின்றால் உலகம் நிற்கும், நாங்கள் வந்தால் இரண்டும் நகரும் என்று எழுதினேன். பூமியில் எந்த மாடியானாலும், இரவு பகல் எந்த நேரமானாலும், அழைத்துவிட்டு நீங்கள் போனைக் கீழே வைப்பதற்குள் ஆள் வாசலில் நிற்பார் என்று எழுதினேன். மருமகனையே சட்டை மாற்றி மாற்றி நிற்க வைத்துப் படம் எடுத்து, ஒட்டுமீசை ஒன்றையும் பயன்படுத்தி, எங்கள் நிபுணர் படை என்று வரிசையாகப் போட்டேன். அவன் உரிம எண்ணைத் தங்க நிறத்தில் போட்டேன். கடைக்கு அவன் இன்னும் போன் வாங்கியிருக்கவில்லை. அதனால் ஓர் எண்ணை நானே போட்டேன். போடுவதற்கு முன் அதை அழைத்துப் பார்த்து, அப்படி ஓர் எண்ணே இல்லை என்று பதில் வந்த பிறகே போட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

மருமகன் வந்து திரையைப் பார்த்தான். அதன் பிறகு,

"மாமா, நான் ஒருத்தன்தானே இருக்கேன்?" என்றான்.

ஒருத்தன் என்று சொன்னால் எவன் கூப்பிடுவான் என்று கேட்டேன்.

"கூப்பிடாட்டிப் போறாங்க. வர முடியாதப்ப வர்றேன்னு சொல்லக் கூடாது மாமா. உள்ள மாட்டிக்கிட்டவன் அதை நம்பிக்கிட்டு உக்காந்திருப்பான்."

அவன் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். அதன் பிறகு அவன் விருப்பப்படி வேறொரு தளம் கட்டினேன். பெயர், புதிதாக வாங்கிய உண்மையான எண், வேலை நேரம், ஒரே ஆள், வர முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடுவேன் என்ற ஒரு வரி. கருமாதிப் பத்திரிகையில்கூட இதைவிடக் களை இருக்கும். அதைத்தான் உண்மை முகவரியில் ஏற்றினேன்.

மாதிரிப் பக்கத்தை நான் அழிக்கவில்லை. புதிதாக வருகிற பல் டாக்டருக்கும் மெத்தைக் கடைக்காரருக்கும் என் கைத்திறனைக் காட்ட ஒரு சாட்சி வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். மாதிரிப் பக்கத்தை விட்டுவைக்கிறவன், தேடுபொறி உள்ளே வந்து மேயாதபடி அதன் வாசலில் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். அந்த வரியை நான் எழுதவில்லை. மகளை அலங்கரித்து அழகு பார்த்துக்கொண்டே தெருக்கதவைத் தாழிட மறந்தவன் கதை.

தேடுபொறி மேய்ந்தது. லிப்ட் ரிப்பேர் என்று எவர் தேடினாலும் மருமகனின் தளத்தைப் பின்னால் தள்ளிவிட்டு மாதிரிப் பக்கத்தைக் கொண்டுவந்து முதலில் நிறுத்தியது. மனிதர்கள் மட்டும்தான் அளப்பில் மயங்குவார்கள் என்று நினைத்திருந்தேன். இது எனக்கு ஏன் தெரியவில்லை என்று ஆய்வாளர் கேட்டார். என் கணினியில் தேடினால் நான் தினமும் போய்வருகிற உண்மைத் தளமே முதலாவதாக வந்தது. அந்த இயந்திரமும் எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குப் பிடித்ததைச் சொல்கிற ஜாதி. மேலும், வருகிறவர்களை எண்ணும் கருவியை மாதிரிப் பக்கத்திலேயே பொருத்தி, அதையே புதுத் தளத்துக்கும் நகல் எடுத்திருந்தேன். ஆகையால் இரண்டு வாசலில் நுழைந்த கூட்டமும் ஒரே கணக்கில் விழுந்தது. கணக்கோ வானத்துக்கு ஏணி போட்டது.

அதன் பிறகு நடந்ததாவது: மருமகன் பட்டறையில் உட்கார்ந்திருந்தான். போன் அடிக்கவில்லை. பழைய கம்பெனி ஆட்கள் கைமாற்றிவிட்ட சில்லறை வேலைகளில் காலம் போயிற்று. அவ்வப்போது என் அறைக்கு வந்து, சைட்டு ஓடுகிறதா மாமா என்று கேட்பான். நான் கணக்கைத் திறந்து காட்டி, ஊரே உன் வாசலில் நிற்கிறதடா, குறை உன் குரலில் இருக்கிறது, கூப்பிட்டு உன் ஹலோவைக் கேட்டதும் துக்க வீடு என்று நினைத்து வைத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது என்று சொன்னேன். யாரும் கூப்பிடவே இல்லை என்று அவன் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. அவன் கண்ணாடி முன்னால் நின்று ஹலோ சொல்லிப் பழகியதாக அக்கா பிறகு சொன்னார். மாதா மாதம் அவன் போனுக்கு நான் செய்தியும் அனுப்பினேன். இந்த மாதமும் பிரமாதம், உன் பக்கத்தைப் பார்க்காத கண் இந்த ஊரில் இல்லை, இதெல்லாம் உனக்கே தெரியும், நான் சொல்லியா தெரிய வேண்டும், என்கிற மாதிரி. அவன் எல்லாவற்றுக்கும் சரி மாமா என்று பதில் போட்டிருக்கிறான்.

இனி சம்பவ தினம். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த பெரியவர் மேலே சொன்ன அடுக்குமாடியின் மேல்மாடியில் மனைவியோடு குடியிருந்தார். அன்று முற்பகலில் அவருக்கு நெஞ்சை அடைக்கவே, மருத்துவமனைக்குக் கிளம்பினார்கள். மனைவி வீட்டைப் பூட்டி வருவதற்குள் அவர் லிப்டில் ஏறிவிட்டார். லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. இதற்கு மேல் வருவதெல்லாம் அந்த அம்மா இதே நிலையத்தில் சொல்ல நான் கேட்டது. இந்த இடத்தில் நான் எதையும் கூட்டவில்லை.

அந்த அம்மா போனில் தேடி, முதலாவதாக வந்த எண்ணை அழைத்தார். ஆண் குரல் ஒன்று, சரிம்மா, ஆள் வருது என்று சொன்னது. அடுக்குமாடியின் காவல்காரர் பக்கத்துக் கட்டடத்தில் கடப்பாரை வாங்கிவரக் கிளம்பினார். அவரை அந்த அம்மா தடுத்து, ஆள் வருகிறார், கதவை உடைத்தால் குடியிருப்புச் சங்கத்தில் சத்தம் போடுவார்கள் என்று சொல்லி நிறுத்தினார். தரையில் குனிந்து கதவிடுக்கு வழியாகக் கணவரிடம் பேசினார். வந்துவிட்டார்களா என்று அவர் கேட்டார். கீழே வந்துவிட்டார்கள், படியேறிக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்த அம்மா சொன்னார். மறுபடி அழைத்தபோது அதே குரல், பாதி வழியில் இருக்காங்கம்மா என்றது. பெரியவர் தன் கடைச் சாவியை இடுக்கு வழியாக வெளியே தள்ளினார். அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி அவர்கள் வந்து திறந்தபோது உயிர் இல்லை.

அந்த நேரம் முழுவதும் என் மருமகன் அடுத்த தெருவில், பட்டறை வாசலில், கருவிப் பையை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த மாடியிலிருந்து யாராவது உரக்கக் கூப்பிட்டிருந்தால் அவனுக்குக் காது கேட்டிருக்கும்.

எண்ணை விசாரித்ததில் அது ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருடையது என்று தெரிந்தது. நான் போட்டபோது இல்லாத எண்ணைப் பின்னால் போன் கம்பெனி அவருக்குக் கொடுத்திருக்கிறது. முழங்காலில் ஆபரேஷன் செய்து வீட்டோடு கிடந்தவர். அவரையும் அழைத்து வந்து எனக்கு எதிரே உட்கார வைத்தார்கள். இப்படி ஏன் சொன்னீர்கள் என்று ஆய்வாளர் கேட்டதற்கு அவர் சொன்னது:

"மொதல்ல எல்லார்கிட்டயும் ராங் நம்பர்னுதான் சார் சொன்னேன். திட்டுறாங்க. திருப்பித் திருப்பிக் கூப்பிட்டுத் திட்டுறாங்க. ஒரு நாள் அலுத்துப்போயி, சரி வர்றோம்னு சொன்னேன். ரொம்ப நன்றிங்கன்னு சொல்லி வச்சுட்டாங்க. அதுக்கப்புறம் அப்படியே சொல்லிட்டிருந்தேன். வேற யாரையாச்சும் கூப்பிட்டுக்குவாங்கன்னு நெனச்சேன் சார்."

அவர் அழவில்லை. காலை நீட்ட இன்னொரு நாற்காலி கிடைக்குமா என்று கேட்டார். நான் என்னுடையதைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டேன்.

அதன் பிறகு அந்தப் பக்கத்தை அங்கேயே அழிக்கும்படி ஆய்வாளர் உத்தரவிட்டு, நிலையத்துக் கணினியை என் பக்கம் திருப்பினார். மாதிரிப் பக்கம் இருப்பது நான் இலவசமாகப் பிடித்த இடம். உள்ளே நுழைய வேண்டுமானால் என் பழைய மின்னஞ்சலுக்கு ஒரு ரகசிய எண் வரும். அந்த மின்னஞ்சல் என் பழைய கம்பெனிப் பெயரில் உள்ள முகவரியைச் சேர்ந்தது. அந்த முகவரியை நான் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன். ஊராருக்கெல்லாம் தேதி தவறாமல் புதுப்பித்துக் கொடுக்கிற நான். இப்போது அதில் யாரோ மீன்தொட்டி விற்கிறார். இடம் கொடுத்தவர்களுக்கு எழுதினேன். நீங்கள்தான் நீங்கள் என்பதற்கு அந்த மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள் என்று இயந்திரம் பதில் போட்டது. தேடுபொறிக்கு எழுதினேன். தளத்தின் உரிமையாளர் மட்டுமே கேட்கலாம் என்றது. ஆய்வாளரின் பெயரிலேயே எழுதினோம். உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று வந்தது. இதற்கிடையில், ஊரில் உள்ள கடைகளையெல்லாம் தொகுத்துப் போடுகிற தளங்கள் அந்த எண்ணைத் தாமாகவே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தன. ஒன்றைக் கிள்ளினால் கோரைக்கிழங்கு போல ஒன்பது முளைக்கிறது. என் வாழ்நாளில் நான் சொன்னவற்றில் பாதி, சொன்ன மறுநாளே ஊருக்கு மறந்துவிடும். இது ஒன்று மட்டும் மறக்கவே மறக்காது போலிருக்கிறது.

குற்றம் என்னுடையது, என்னைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு அவனை விட்டுவிடுங்கள் என்று ஆய்வாளரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பக்கத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். கடைப் பெயர் அவனுடையது. படங்கள் அவனுடையவை, ஒட்டுமீசை உட்பட. உரிம எண் அவனுடையது. அப்படி ஒரு பக்கம் இருந்ததே அவனுக்குத் தெரியாது, அழித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தான் என்றேன். ஆய்வாளர் அவன் போனை எடுத்து, மாதா மாதம் நான் அனுப்பிய செய்திகளைப் படித்தார். உன் பக்கத்தைப் பார்க்காத கண் இந்த ஊரில் இல்லை, இதெல்லாம் உனக்கே தெரியும். அதற்குக் கீழே, சரி மாமா.

"நீங்க வாயத் திறக்காம இருந்திருந்தா, தெரியாதுன்னு நான் எழுதியிருப்பேன் பெரியவரே" என்றார்.

சும்மா பெருமைக்காகச் சொன்னது என்றேன். பெருமைக்குச் சொன்னதா, உண்மைக்குச் சொன்னதா என்று எழுத்தில் பார்த்தால் தெரியாது என்றார். உரிமத்தை ரத்து செய்யும்படி லிப்ட் ஆய்வு அலுவலகத்துக்கு ஏற்கனவே எழுதியாகிவிட்டது என்றும் சொன்னார். அக்கா அதுவரை சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து என் சட்டைக் காலரைச் சரி செய்தார். செய்துவிட்டு,

"இன்னும் எதாச்சும் சொல்லி அவனுக்கு வருஷத்தைக் கூட்டிராதடா" என்றார்.

இந்த வாக்குமூலம் ஏறக்குறைய இந்த இடம்வரை எழுதப்பட்டபோது, ஆய்வாளர் வெளியே போயிருந்தார். கைப்பற்றி மேசை மேல் வைத்திருந்த கண்டக்டரின் போன் அடித்தது. எழுத்தர் அம்மா எடுத்து, இது போலீஸ் ஸ்டேஷன், ராங் நம்பர் என்றார். எதிர்முனையில் ஒரு பெண், கட்டடத்தின் பெயரைச் சொல்லி, தானும் குழந்தையும் லிப்டுக்குள் நிற்பதாகவும், விளக்கு அணைந்துவிட்டதாகவும், இந்த எண்தான் போட்டிருக்கிறது என்றும் சொன்னது நின்றிருந்த எனக்கே கேட்டது. எழுத்தர் அம்மா இன்னொரு போனில் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் பேசிக்கொண்டிருந்த போனைப் பின்னறைக் கம்பிக்கு அருகே கொண்டுபோய்ப் பிடித்தார். இதை எழுத வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்றேன். நடந்ததுதானே, எழுதிக்கொள்கிறேன் என்றார்.

மருமகன் எந்த மாடி என்று கேட்டான். கதவை இழுக்காதீர்கள், இடுக்கு வழியாக இறங்கப் பார்க்காதீர்கள், காற்று வரும், மூச்சு முட்டாது, குழந்தையைத் தரையில் உட்கார வைத்துவிட்டு நீங்களும் உட்காருங்கள் என்று சொன்னான். தீயணைப்பு ஆட்களுக்குச் சொல்லியாயிற்று, என்னால் வர முடியாது என்றும் சொன்னான். வெளியில் இருக்கிறவர்கள் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், அது எங்கே இருக்கும் என்று சொல்லத் தொடங்கியபோது பேச்சு அறுந்துவிட்டது. என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். அதற்குத்தான் நேற்றிலிருந்து காத்திருக்கிறேன்.

"சைட்டுலருந்து எனக்கு வந்த மொதல் கால் மாமா" என்றான்.

திரும்ப அழைப்பதற்குள் ஆய்வாளர் வந்துவிட்டார். சாட்சிப் பொருளை யார் தொடச் சொன்னது என்று கேட்டு, போனை உறையில் போட்டு, அரக்கு வைத்து முத்திரையிட்டார். இப்போது அது உறைக்குள்ளிருந்து அடித்துக்கொண்டிருக்கிறது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் முத்திரையை உடைக்க இங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை என்று எனக்கு விளக்கப்பட்டது. நின்றுவிட்டு மறுபடியும் அடிக்கிறது. அந்தப் பெண்ணா, வேறு யாராவதா என்று சொல்ல முடியவில்லை.

மேலே உள்ளதை எழுத்தர் அம்மா எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முழுவதும் உண்மை என்று ஒப்புக்கொண்டு, நின்றபடியே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)